எல்லோருக்கும் லீடு வேண்டும்

என் வாழ்க்கையின் சில்லறைத் தோல்விகளைக் கணக்கெடுத்தால், பெரும்பங்கு அமெரிக்கக் கறுப்பினப் பாட்டுக் குழுக்களின் காதல் பாட்டுகளால் வந்தவை. டெம்ப்டேஷன்ஸ், மிரக்கிள்ஸ், ஃபோர் டாப்ஸ், டெல்ஃபானிக்ஸ், ஸ்டைலிஸ்டிக்ஸ், ஷை-லைட்ஸ் என்று அது ஒரு பெரிய பரம்பரை. 1960-களிலும் எழுபதுகளின் முதல் பாதியிலும், ஒரே மாதிரி கோட்டும் ஒரே மாதிரி ஷூவும் போட்ட நான்கைந்து ஆண்கள் வரிசையாக நின்று ஒரு பெண்ணிடம் மூன்று நிமிஷம் கெஞ்சுவார்கள். விஷயம் அவ்வளவுதான். இன்றைக்கும் அமெரிக்காவில் கல்யாண வீட்டிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் பல் டாக்டர் கிளினிக்கிலும் அவைதான் ஓடுகின்றன. யாருக்கும் சலிக்கவில்லை. எனக்கும் சலிக்கவில்லை. கேட்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும்.

நான் டெட்ராய்ட் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பார்ப்பவன். இந்த வட்டாரத்தில் கல்லை விட்டெறிந்தால் கார் வேலைக்கு வந்த ஒரு தமிழ் இன்ஜினீயர் மேல்தான் விழும். வந்த புதிதில் என் சங்கீத ஞானம் இளையராஜாவில் தொடங்கி இளையராஜாவிலேயே முடிந்திருந்தது.

எங்கள் ஷாப் ஃப்ளோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய கறுப்பினப் பெரியவர் ஒருவர், வண்டியில் சின்ன ரேடியோ ஒன்றைக் கட்டி வைத்திருப்பார். ஒருநாள் அதில் 'பெச்சா பை காலி, வாவ்' ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டைலிஸ்டிக்ஸ் குழுவின் 1972 வெற்றி. உச்ச ஸ்தாயியில், துளி சிரமம் தெரியாமல், ஒரு குரல் மிதந்துகொண்டிருந்தது. "இந்தம்மா பிரமாதமாகப் பாடுகிறாரே, பெயர் என்ன?" என்று கேட்டுவிட்டேன். அவர் வண்டியை நிறுத்தினார். ஃபோர்க்கைத் தரையில் இறக்கினார். பிரேக் போட்டார். அதற்கப்புறம்தான் சிரித்தார். பாதுகாப்பு விதிகளை அவர் மீறியதே கிடையாது.

அந்தம்மாவின் பெயர் ரஸ்ஸல் தாம்ப்கின்ஸ் ஜூனியர். பிலடெல்பியாக்காரர், ஆண்பிள்ளை. நம் ஊர்ப் பாட்டு வாத்தியார் 'கள்ளத்தொண்டை' என்று தலையில் குட்டி நிறுத்துகிற குரலை வைத்து இவர்கள் ஒரு சாம்ராஜ்யமே நடத்தியிருக்கிறார்கள். மிரக்கிள்ஸில் ஸ்மோக்கி ராபின்சன், டெம்ப்டேஷன்ஸில் எடி கெண்ட்ரிக்ஸ், டெல்ஃபானிக்ஸில் வில்லியம் ஹார்ட், ஷை-லைட்ஸில் யூஜீன் ரெக்கார்ட், எல்லோரும் அந்தப் பக்கம்தான். திடகாத்திரமான ஆள், மீசை வேறு, வாயைத் திறந்தால் மெல்லிய பஞ்சுக் குரல். வீறாப்பைக் கழற்றி வைத்துவிட்டேன் என்பதை வார்த்தைக்கு முன்னால் தொண்டையே சொல்லிவிடும். பெரியவர் இதையெல்லாம் எனக்கு விளக்கினார். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு என் 'இந்தம்மா' கதையையும் விளக்கினார்.

போன மானத்தை மீட்க எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. ஸ்டைலிஸ்டிக்ஸ் குழுவின் 'யூ மேக் மீ ஃபீல் பிராண்ட் நியூ' 1974-ல் வந்தது. அதில் சிதார் ஒலிக்கும். கேட்டவுடன் நெஞ்சு விம்மி, "இது எங்கள் ஊர் வாத்தியம்" என்று கேன்டீனில் அறிவித்தேன். எத்தனை தந்தி, எப்படி உட்கார்ந்து வாசிப்பார்கள் என்றெல்லாம் கையை ஆட்டி விளக்கியபோது மேஜையில் இருந்த காபி கவிழ்ந்தது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், அது எலக்ட்ரிக் சிதாராம். கிடாரைப் போலவே மாட்டிக்கொண்டு, கிடாரைப் போலவே வாசிப்பது. நியூயார்க் ஸ்டுடியோக்களில் வாசித்த வின்னி பெல் என்ற கிடார்காரர் யோசனை சொல்ல, டேன்எலெக்ட்ரோ கம்பெனி 1967-ல் செய்து விற்றது. பிரிட்ஜைத் தந்தி கிர்ரென்று அதிரும்படி அமைத்திருக்கிறார்கள். நம் சரக்கு அந்த அதிர்வுதான். கேன்டீனில் திருத்தம் வெளியிடவில்லை. இதோ வெளியிடுகிறேன்.

ஸ்டைலிஸ்டிக்ஸின் அந்தப் பாட்டுகளை அமைத்தவர் தாம் பெல். பிலடெல்பியாவில் வளர்ந்தவர், மேற்கத்திய சாஸ்திரிய பியானோ பயின்றவர். அதனால்தான் தெருமுனைக் காதலுக்கு நடுவே திடீரென்று பிரெஞ்சு ஹார்ன் கம்பீரமாக நுழைகிறது. வரிகள் எழுதியவர் லிண்டா கிரீட் என்ற இளம் பெண். 1986-ல் மார்பகப் புற்றுநோயில், நாற்பது வயதுக்குள்ளேயே இறந்துபோனார். இதை வீட்டில் சொன்னேன். "அதானே பாத்தேன். ஆம்பளைக்கு எங்கேங்க இப்படியெல்லாம் சொல்லத் தோணும்?" என்றாள் மனைவி. அந்த 'ஆம்பளை' பொதுவான ஆம்பளை அல்ல என்பது புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மனைவி விவகாரத்துக்கே வந்துவிடுகிறேன். ஊரிலிருந்து வந்த மைத்துனியை ஏர்போர்ட்டில் போய் அழைத்துவர மறந்துவிட்டேன். அந்தப் பெண் இரண்டு பெட்டியோடு பனியில் நின்றிருக்கிறாள். வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. சமாதானம் பேச எனக்கு வராது. மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தால் மூன்றாவது வாக்கியத்தில் அவளுடைய குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுவேன். அதனால் சாப்பாட்டு நேரத்தில் ஸ்பீக்கரில் 'ஊ பேபி பேபி' போட்டேன். மிரக்கிள்ஸ், 1965. ஸ்மோக்கியின் குரல் உடைந்து உருகும். பின்னால் மற்றவர்கள் பெருமூச்சு விடுவது போலவே பாடுவார்கள். இதற்கும் இளகாத மனசு உண்டா என்று சாதத்தைப் பிசைந்துகொண்டே காத்திருந்தேன்.

நான் அதுவரை அந்தப் பாட்டின் மெட்டைத்தான் கேட்டிருந்தேன். அவள் வார்த்தையைக் கேட்டாள். அந்தப் பாட்டில் வருகிறவன் ஏர்போர்ட்டுக்குப் போக மறந்தவன் இல்லை. மனசை வேறொருத்தியிடம் அலையவிட்டுவிட்டு, இருந்ததையும் இழந்துவிட்டு அழுகிறவன். ரசம் ஊற்றப் போன கரண்டி அந்தரத்தில் நின்றது.

"என்னங்க, நீங்க என்ன பண்ணீங்க?"

"ஏர்போர்ட் போகல..."

"அன்னிக்கு ஏர்போர்ட் போகாம எங்கே போனீங்க?"

மறதியாக இருந்த ஒரு குற்றத்தை, சோக ரசம் சொட்டச் சொட்ட, துரோகமாகப் பதவி உயர்த்திய பெருமை என்னையும் ஸ்மோக்கி ராபின்சனையும் சேரும். அன்றைக்கு ஆபீஸில்தான் இருந்தேன் என்பதற்குப் பஞ்ச் கார்டு விவரத்தைக் காட்டவேண்டி வந்தது.

ஆனாலும் அந்தப் பாட்டு என்னை விடவில்லை. அத்தனை பெரிய தப்பைச் செய்தவன், அதை ஏன் இத்தனை பேரை வைத்துக்கொண்டு சொல்கிறான்? நானாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுத்திருப்பேன். இவன் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறான். அவர்களும் "இவன் நல்லவன்மா" என்று பொய் சொல்வதில்லை. அவன் ஒரு வரி அழுதால் "ஊ" என்கிறார்கள். அவன் மூச்சு வாங்கினால் அந்த இடைவெளியை அவர்கள் நிரப்புகிறார்கள். தனி ஆள் அழுதால் பார்க்கிறவருக்குக் கூச்சமாக இருக்கும், நாலு பேர் தாங்கிப் பிடித்தால் அது பாட்டாகிவிடுகிறது. இந்தப் பாட்டுகள் இன்னும் ஓடுவதற்கு என் கட்சி இதுதான். காதலைவிட அந்தக் கூட்டாளிகள்.

கெஞ்சலிலும் வேலைப்பாடு உண்டு. ஃபோர் டாப்ஸின் லீவை ஸ்டப்ஸ் கனத்த பாரிடோன் குரல்காரர். அவருக்குச் சௌகரியமான கட்டையில் பாட்டுப் போட்டிருந்தால் கம்பீரமாகப் பாடிவிட்டுப் போயிருப்பார். ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் என்ற பாட்டெழுதும் மூவர் கூட்டணி வேண்டுமென்றே அவருக்கு எட்டாத உயரத்தில் சுருதி வைத்தது. அவர் எட்டிப் பிடிக்கப் படுகிற பாடுதான் நமக்கு ஏக்கமாகக் கேட்கிறது. இதை நான் குளியலறையில் சோதித்துப் பார்த்தேன். எனக்கு எட்டாத உயரத்தில் நான் பாடியபோது ஏக்கமாகக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து குழாயில் ஏதாவது கோளாறா என்று விசாரித்தார்.

அடுத்த தோல்வி புண்ணிய ஸ்தலத்திலேயே நடந்தது. டெட்ராய்ட், வெஸ்ட் கிராண்ட் புலவார்டு, கதவு எண் 2648. ஃபோர்டு கம்பெனியின் லிங்கன்-மெர்க்குரி ஆலையில் வேலை பார்த்த பெரி கோர்டி, குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி 1959-ல் மோட்டவுன் என்ற ரெக்கார்டு கம்பெனியைத் தொடங்கினார். சாதாரணக் குடியிருப்பு வீடு. பின்பக்கத்தை ஸ்டுடியோவாக மாற்றி, முகப்பில் 'ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ.' என்று எழுதி வைத்தார். இப்போது அது மியூசியம். என்னைக் கவர்ந்தது ஒரு தொழில் விஷயம். கார் ஆலைப் பழக்கத்தில் அவர் பாட்டுக்கும் குவாலிட்டி கன்ட்ரோல் வைத்தார். வாரா வாரம் கூட்டம் போட்டு, எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று ஓட்டெடுப்பு. கார் ரேடியோ அளவு சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டு, அதிலும் நன்றாக இருந்தால்தான் தேறும். இருபது வருஷமாக நானும் குவாலிட்டி பார்க்கிறேன். பிரேக் பாகத்தை யாரும் கல்யாணத்தில் போட்டு ஆடவில்லை.

அந்த ஸ்டுடியோவுக்குள் வழிகாட்டி எங்களை வரிசையாக நிறுத்தி, 'மை கேர்ள்' பாட்டுக்கு டெம்ப்டேஷன்ஸ் போட்ட ஸ்டெப்பைச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் குழுக்களுக்கு நடை, திரும்பல், கை வீச்சு எல்லாம் கற்றுக்கொடுத்தவர் சோலி அட்கின்ஸ் என்ற பழைய டாப் டான்ஸ் கலைஞர். பார்க்க நடந்துபோவது போலத்தான் இருக்கும். வலது கால், இடது கால், ஒரு சொடுக்கு, அரைத் திரும்பல். நான் முழுதாகத் திரும்பிவிட்டேன். வரிசை முழுக்கச் சுவரைப் பார்க்க, நான் மட்டும் ஓஹையோவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் எடுத்த வீடியோ இன்னும் அவர்களிடம் இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. இங்கே தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் 'மை கேர்ள்' பாடுவதாகப் பெயர் கொடுத்தேன். கும்மிக்கும் குழந்தைகளின் குறள் ஒப்பித்தலுக்கும் நடுவில் ஐந்து நிமிஷம் ஒதுக்கினார்கள்.

ஆள் சேர்த்தேன். ஊரில் முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்ட ஒரு நண்பர். அடுத்த தெருவில் இருக்கும் ஒரு சிநேகிதர், கார் ஓட்டும்போது நன்றாகப் பாடுகிறவர். எதற்கும் மறுப்புச் சொல்லத் தெரியாத பக்கத்து வீட்டுத் தம்பி. நான். எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் ஒத்திகை.

பாட்டின் கதையை முதலில் சொன்னேன். ஸ்மோக்கி ராபின்சனும் ரொனால்ட் வைட்டும் எழுதியது, 1964 டிசம்பரில் வெளியானது, அடுத்த மார்ச்சில் பில்போர்டு பட்டியலில் முதலிடம். முதலில் பாஸ் கிடார் தனியாக வரும், ஜேம்ஸ் ஜேமர்சன். அதன்மேல் ராபர்ட் வைட்டின் கிடார் படி ஏறும். பிறகு சொடுக்கு. அப்புறம்தான் டேவிட் ரஃபினின் கரகரத்த குரல். கிடார் படி ஏறுகிற இடத்தைப் போட்டுக் காட்டியவுடன் சங்கீத நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டேய், இது மோகனம்டா. ச ரி க ப த ச."

எனக்குப் புல்லரித்தது. அடுத்த நொடியே கார்டு மாறியது, அதே படிக்கட்டு மத்தியமத்திலிருந்து தொடங்கியது. அவர் முகம் சுருங்கியது. "சட்ஜம் எங்கே போச்சு?" என்றார், பணப்பையைத் தொலைத்தவர் போல. சட்ஜம் நகரும் என்றேன். சட்ஜம் நகரக்கூடாது என்றார். அன்றைய ஒத்திகை அத்துடன் முடிந்தது.

அடுத்தடுத்த வாரங்களில் பெரிய பிரச்சினை வேறாக இருந்தது. நான்கு பேரும் ஒரே பாட்டைப் பாடினோம். நான் ரஃபினாக லீடு பாட, மற்ற மூவர் பின்னால் வேறு வேறு சுரத்தில் நின்று தாங்கவேண்டும் என்பது ஏற்பாடு. முதல் வரி அப்படி நடக்கும். இரண்டாவது வரியில் ஒருவர் லீடுக்கு வந்துவிடுவார். மூன்றாவது வரியில் நால்வரும் ரஃபின். நமக்குக் காது மெட்டின் மேல்தான் போகிறது. இளையராஜா எத்தனை அழகாகக் கோரஸ் எழுதி வைத்தாலும் நாம் பாடுவது எஸ்பிபி பாடிய பகுதியைத்தானே. கார் பாடகரிடம் பின்னணிக் குரலில் நிற்கச் சொல்லி மன்றாடினேன். "ஏன்டா, உனக்கு ஒத்து ஊதறதுக்கா நான் பனியில வண்டி எடுத்துட்டு வர்றேன்?" என்றார். டீ கொண்டுவந்த மனைவி படிக்கட்டில் நின்று கேட்டுவிட்டு, "நாலு பேரும் ஒண்ணாத்தானே பாடறீங்க, அப்புறம் என்ன சண்டை?" என்று கேட்டுவிட்டுப் போனாள். தொழில் புத்தி விடுமா? ஒரு தாளை எடுத்து ஐந்து 'ஏன்' போட்டு மூலகாரணம் தேடினேன். ஐந்தாவது 'ஏன்'-க்குக் கீழே என் பெயர் வந்தது. தாளை மடித்து வைத்துவிட்டேன்.

விழா நாள். கரோக்கி டிராக் ஓடியது. சொடுக்கு ஒழுங்காக வந்தது. முதல் சரணம் வரை சபை பொறுத்துக்கொண்டது. அப்புறம் வயலின்கள் வரும். பால் ரைசர் அமைத்த அந்தத் தந்திவாத்தியப் பகுதி முடிகிறபோது பாட்டு ஒரு முழு சுரம் மேலே ஏறிவிடும், ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு. இது எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லியும் இருந்தேன். டிராக் இரண்டு கட்டைக்குப் போனது. நான் ஒரு கட்டையிலேயே நின்றேன். சங்கீத நண்பர் டிராக்கோடு போனார். கார் பாடகர் எங்களுக்கு நடுவில் சமரசமாக ஓர் இடத்தைப் பிடித்தார். வேலை செய்த மைக் ஒன்றே ஒன்று. அதை அவரிடமிருந்து நான் வாங்கப் போனதையும், அவர் கொடுக்காததையும் முன் வரிசைப் பெரியவர்கள் பார்த்தார்கள். குறள் சொல்லக் காத்திருந்த ஒரு குழந்தை அழுதது.

இதில் எனக்கு ஒரே ஆறுதல் டேவிட் ரஃபின். குழுவின் பெயருக்கு முன்னால் தன் பெயர் வரவேண்டும் என்று நின்றவர். 1968-ல் டெம்ப்டேஷன்ஸ் அவரை வெளியேற்றியது. அப்புறமும் அவர்கள் கச்சேரிக்கு வந்து, மேடையில் ஏறி, புதிதாகச் சேர்ந்த டென்னிஸ் எட்வர்ட்ஸின் கையிலிருந்து மைக்கை வாங்கிப் பாடியிருக்கிறார். ஆக, மைக்குக்கு அடித்துக்கொள்வதில் எங்களுக்கு நல்ல முன்னோடி உண்டு. அவருக்குக் குரல் இருந்தது என்பது ஒரு சின்ன வித்தியாசம். லீவை ஸ்டப்ஸ் கதை நேர்மாறு. தன் பெயரை முன்னால் போடவும், தனியாகப் போகவும் அழைப்பு இருந்தும் மறுத்துவிட்டார். ஃபோர் டாப்ஸின் அதே நால்வர், ஒருவர்கூட மாறாமல், ஐம்பதுகளில் தொடங்கி 1997-ல் லாரன்ஸ் பேட்டன் இறக்கும்வரை சேர்ந்தே பாடினார்கள். டெம்ப்டேஷன்ஸின் புகழ்பெற்ற ஐவரில் எஞ்சியிருப்பவர் ஓடிஸ் வில்லியம்ஸ். லீடு பாடியது மிகக் குறைவு. குழுவைக் கட்டி மேய்த்ததே அவர் வேலை.

கிடார்காரர் ராபர்ட் வைட்டைப் பற்றி 2002-ல் வந்த ஓர் ஆவணப்படத்தில் ஒரு சம்பவம் சொல்கிறார்கள். வயதான காலத்தில் ஓர் உணவகத்தில் ஆர்டர் கொடுக்க உட்கார்ந்திருக்கிறார். ஸ்பீக்கரில் 'மை கேர்ள்' தொடங்குகிறது, அவருடைய கிடார். பரிமாற வந்த பையனிடம் அதைச் சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் சாப்பாட்டை மட்டும் ஆர்டர் செய்தாராம். கிழவன் உளறுகிறான் என்று நினைத்துக்கொள்வான் என்பது காரணம். அந்த வாத்தியக்காரர்களின் பெயரை மோட்டவுன் பல வருஷம் ரெக்கார்டு உறையில் போடவே இல்லை. நானோ, பொங்கல் விழா வீடியோவை, என்னைக் கேட்காதவர்களுக்கும் அனுப்பினேன்.

ஃபோர்க்லிஃப்ட் பெரியவருக்கும் காட்டினேன். முழுசாகப் பார்த்தார், சிரிக்கவில்லை. ஒரு முறை நிறுத்தி, ஓரத்தில் நின்ற ஆளைத் தொட்டுக் காட்டி, "இது யார்?" என்றார். பக்கத்து வீட்டுத் தம்பி. மேடை பயத்தில் வார்த்தையெல்லாம் மறந்துபோய், பாட்டு முழுக்கச் சொடுக்குப் போட்டுக்கொண்டு "ம்ம்ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவன். அவன் ஒருவன்தான் பாடினான் என்பது பெரியவரின் தீர்ப்பு. மற்றபடி, உங்களுக்குக் கீழ்க்குரல் இல்லை, மெல்வின் ஃபிராங்க்ளின் இல்லாமல் டெம்ப்டேஷன்ஸ் ஏது என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த பொங்கலுக்கும் பெயர் கொடுத்திருக்கிறோம். டெட்ராய்ட் வட்டாரத்தில், போனை எடுத்து ஹலோ சொன்னால் எதிர்முனை பயந்துபோகிற அளவுக்குக் கனத்த குரல் உள்ள தமிழர் யாராவது இருந்தால் தயவுசெய்து வந்து சேரவும். ஞாயிறு மாலை ஒத்திகை, டீயும் பஜ்ஜியும் உண்டு. லீடு மட்டும் கேட்கக்கூடாது. அந்த இடம் காலியில்லை.